வெட்டியெடுத்த மூச்சு

இசைத்தட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்தபோது ஞானையாவுக்கு மூச்சு வாங்கியது. இருபது நிமிடமாக அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

புழுக்கம் என்று நினைத்துக்கொண்டான். 1968 ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு மதியம். சிட்லபாக்கம் ஏரியின் பாசி வாடை ஜன்னல் வழியாக வந்து, சமையலறையில் மனைவி ஹில்டா கொதிக்க விட்டிருந்த கறிக்குழம்பின் வாசனையோடு கலந்து, ஈரச் சுவர்களுக்குள் வெளியேற வழியில்லாமல் நின்றது. கம்பெனி அனுப்பிய மாதிரி இசைத்தட்டு அது. இருவர் மட்டும் வாசித்த ஜாஸ்: அவனுடைய பியானோ, ஜெபராஜின் சாக்ஸபோன். சரியென்று நாளைக்குள் எழுதிப்போட்டால் ஆயிரம் பிரதி அச்சாகிவிடும். ஜெபராஜைக் கேட்க முடியாது. பதிவு முடிந்த ஒன்பதாம் நாள், பீர்க்கன்கரணை வீட்டில் இழுப்பு வந்து செத்துப்போனான்.

அந்த இழுப்பு பழையது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் நெஞ்சு கிழிவதுபோல் மூச்சை இழுத்தது டேப்பில் அப்படியே விழுந்திருந்தது. "அந்தச் சத்தமெல்லாம் வேணாம் சார், வெட்டிடுங்க" என்று ஸ்டூடியோ இன்ஜினியரிடம் சொன்னவன் ஞானையாதான். பிளேடால் நறுக்கிய டேப் துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. ஜெபராஜ் அவற்றைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாத்தையும் வெட்டிட்டா நான் எங்க மச்சான் மூச்சு வாங்கறது?"

"வீட்ல போய் வாங்கிக்கோடா."

ஞானையா தட்டைத் திருப்பி ஊசியை வைத்தான். ஊதுகிறவனோடு சேர்ந்தே மூச்சு விட்டு வாசித்துப் பதினோரு வருடப் பழக்கம் அவனுக்கு. சாக்ஸபோன் தாழ்வாக, கரகரப்பாகத் தொடங்கி, வளைந்து, மேலேறி, மூச்சு வாங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. அவன் நெஞ்சும் அங்கே நிற்காமல் தாண்டியது. அடுத்த இடம். அங்கேயும் இல்லை. தாம்பரம் போகும் மின்ரயில் தூரத்தில் கடகடத்து ஓய்ந்தது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. வாயைத் திறந்தான். காற்று வரவில்லை.

ஊசியைத் தட்டிவிட்டான்.

கீறல் சத்தம். நிசப்தம். காற்று உள்ளே பாய்ந்தது. இருமினான். இந்தத் தட்டை வெளியே விடக் கூடாது. வேண்டாமென்று இப்போதே எழுதிவிட வேண்டும். பேனாவைத் திறந்தான்.

மெட்டு கேட்டது.

ஊசி தட்டை விட்டு விலகித்தான் கிடந்தது. சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. ஹில்டா சர்ச் கொயரில் பாடுகிறவள். காதில் விழுந்த எதையும் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாள்.

"ஹில்டா, அது வேணாம்மா. நிறுத்து."

நிற்கவில்லை. வளைந்தது. மேலேறியது. மூச்சு வாங்க வேண்டிய இடம். தாண்டியது.

"ஹில்டா!"

ஓடினான். குழம்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அவள் மேடையைப் பிடித்தபடி நின்றாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. நீலம் பாரித்திருந்தன. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கண்கள் அவனையே பார்த்துக் கெஞ்சின. அவன் இரண்டு கையாலும் அவள் வாயைப் பிளந்தான்.

மெட்டு இன்னும் பலமாக வெளியே வந்தது. கரகரப்பாக. சாக்ஸபோனாக.

அடுத்த இடம்.

தாண்டியது.