இரண்டு முத்தம் பாக்கி!

போன் அலறியது.

பாரெண்ட் எடுக்கவில்லை.

காலையிலிருந்து ஐந்து சவாரி. ஐம்பத்தெட்டு வயதுக்கு அதுவே அதிகம். படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்திடம் இன்றைக்கு அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

போன் விடுவதாக இல்லை.

"சொல்லித் தொலை, ஃபெம்கே."

"பெரியவரே... கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு சவாரி." ஃபெம்கே, படகுக் கம்பெனியின் புக்கிங் பெண். கெஞ்சுவதில் கைதேர்ந்தவள்.

"முடியாது தாயே. முட்டி ரெண்டும் காலையிலயே ரிட்டையர் ஆயிடுச்சு."

"தனிப் படகு. ஒரே ஒரு ஜோடி. கல்யாணமாகி பன்னிரண்டரை வருஷமாம்!"

மற்ற ஊர்களில் இருபத்தைந்தாம் வருடம் கொண்டாடுவார்கள். இங்கே அதுவரை தாங்குமோ தாங்காதோ என்று பாதியிலேயே ஒரு தடவை கொண்டாடிவிடுவார்கள். செம்புக் கல்யாணம் என்று அதற்குப் பெயர் வேறு.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"அவர் உங்க பேரைச் சொல்லிக் கேட்டார். பாரெண்ட்தான் வேணுமாம்!"

பாரெண்ட் பெருமூச்சு விட்டார். இருபத்தேழு வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் வரி ஆபீஸர்.

"சரி... வரச் சொல்லு."

ஆறரை மணிக்கு வந்தார்கள்.

அவன் பெயர் ருட்கர். நாற்பது வயது, விலை உயர்ந்த கோட்டு, வாய் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் அவள். மஞ்சள் கோட்டு. கழுத்தில் சுற்றிய கம்பளித் துணி தாடை வரை ஏறியிருந்தது. கூந்தல் பாதி முகத்தில் விழுந்து கிடந்தது.

"இவதான் என் மனைவி ஹெஸ்தர்! ஹெஸ்தர், இவர்தான் கேப்டன் பாரெண்ட்!"

"வாழ்த்துகள் சார்! வாழ்த்துகள் அம்மா!"

பாரெண்ட் அவன் கையைக் குலுக்கினார். பிறகு அவள் தோளைத் தொட்டு வலது கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார். அடுத்து இடது வைக்க வேண்டும். மறுபடி வலது. மொத்தம் மூன்று, அதுதான் வழக்கம். பிறந்தநாளோ கல்யாணநாளோ, இந்த ஊர்க் குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகிவிடும்.

ஆனால்...

முதல் முத்தத்தோடு அவள் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்!

பாரெண்டின் உதடு அந்தரத்தில் நின்றது. அசட்டுத்தனமாக இருந்தது.

"கூச்சம் கேப்டன்!" ருட்கர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். "என் ஹெஸ்தருக்குக் கூச்சம் ஜாஸ்தி!"

"பரவாயில்லை சார். உட்காருங்க. பாலம் வந்தா 'தலை'ன்னு கத்துவேன். கத்தினா குனிஞ்சுக்கணும். இங்க சில பாலத்துக்கு மரியாதை தெரியாது."

மின்சாரப் படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. கரையோர வீடுகளில் விளக்கு ஏற ஆரம்பித்திருந்தது. மற்றவர்களுக்கு இது சொர்க்கம். பாரெண்டுக்கு இது ஆறாவது சவாரி. இந்தப் படகில் மோதிரம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறார், அதே மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறார். காதலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போன மனுஷன்.

"கேப்டன், ஒரு போட்டோ! நானும் ஹெஸ்தரும்! போட்டோவுல டைம் பதிவாகற மாதிரி எடுங்க!"

எடுத்தார்.

"மணி என்ன கேப்டன்?"

"ஆறு அம்பது."

சொன்ன பிறகுதான் கவனித்தார். ருட்கரின் கையில் கடிகாரம் பளபளத்தது!

"தலை!"

குனிந்தார்கள். பாலம் போயிற்று.

"அம்மா, சீஸ் எடுத்துக்கங்க. ஒயின் இருக்கு."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

சீஸை வேண்டாம் என்று சொன்ன டச்சுக்காரியை பாரெண்ட் இதுவரை பார்த்ததில்லை.

"கல்யாணம் எங்க நடந்துச்சு அம்மா?"

அவள் ருட்கரைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"ஹார்லெம்ல!" அவன் முந்திக்கொண்டான். "ஹெஸ்தரோட ஊர் அதுதான். இல்லையா ஹெஸ்தர்?"

மூச்சுக்கு மூச்சு ஹெஸ்தர்... பன்னிரண்டரை வருடம் கூடவே வாழ்ந்த மனைவியை எந்தப் புருஷன் இத்தனை தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்?

"கேப்டன், அந்தப் படகு மோதின கேஸ்ல சாட்சி சொன்னது நீங்கதானே? உங்க ஞாபகசக்தியை ஜட்ஜே பாராட்டினாராமே!"

"பாராட்டினது ஒரு தடவை சார். அலைய விட்டது பதினோரு தடவை. இனிமே என் கண்ணு முன்னால இந்த ஊரே மூழ்கினாலும் நான் பார்க்கல."

ருட்கர் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஏழு இருபது.

"ஐயையோ... ஹெஸ்தருக்குத் தலைவலியாம்! கேப்டன், அந்தப் படித்துறையில நிறுத்துங்க. நம்ம வீடு ரெண்டாவது தெருதான். அவ போய்ப் படுத்துக்கட்டும்."

"நீங்க சார்?"

"நான் இருக்கேன். ஒயினை யாரு குடிக்கிறது? மணி ஏழு இருபதுதானே கேப்டன்?"

அவள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினாள். மஞ்சள் கோட்டு தெருமுனையில் திரும்பி மறைந்தது.

படகு மறுபடி நகர்ந்தது. பாரெண்டின் மண்டைக்குள் ஏதோ உறுத்தியது. வேண்டாம், உனக்கெதற்கு வம்பு என்று தன்னைத்தானே அதட்டினார். உறுத்தல் நிற்கவில்லை.

ஒரே ஒரு முத்தம்...

இந்த ஊர்க்காரி அப்படிச் செய்யவே மாட்டாள். ஹார்லெம்காரி சத்தியமாகச் செய்ய மாட்டாள். அப்படியென்றால் இவள் எங்கிருந்தோ வந்தவள். பேசினால் குட்டு வெளிப்படும் என்றுதான் வாயே திறக்கவில்லை!

இவள் ஹெஸ்தரே இல்லை!



நிஜ ஹெஸ்தர் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி இப்போது அந்த வீட்டுக்குள் நுழையப் போகிறாள். மஞ்சள் கோட்டைப் பார்த்த அக்கம்பக்கத்தார் ஹெஸ்தர் வந்தாள் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் நிஜ ஹெஸ்தர் பிணமாகக் கிடப்பாள். புருஷன் எங்கே இருந்தான்? படகில்! யார் சாட்சி?

ஞாபகசக்திக்குப் பெயர் போன பாரெண்ட்!

'பாவி... இதுக்குத்தான் என் பேரைச் சொல்லிக் கேட்டியா?'

இந்தப் போலி அந்த வீட்டை அடைய ஐந்து நிமிடம் ஆகும். அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு மிச்சமிருப்பது அவ்வளவுதான். அலுப்பாக இருந்தது. கோர்ட் வாசல் கண்ணில் நிழலாடியது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். ஆனால் நாளைக்குப் பேப்பரில் அவள் போட்டோ வருமே... அதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

போனை எடுத்தார். ருட்கருக்குக் கேட்கும்படி சத்தமாகவே பேசினார்.

"ஃபெம்கே! அந்தம்மா தலைவலின்னு பாதியிலயே இறங்கிட்டாங்க. பாவம், விசேஷ நாள். புக்கிங்ல இருக்கிற அவங்க வீட்டு அட்ரஸுக்கு உடனே ஒரு பூங்கொத்து அனுப்பு."

"என்னது?"

"பூங்கொத்து."

"நீங்க... பூ அனுப்பச் சொல்றீங்களா?"

"ஆமா. எலான்ட்ஸ் கால்வாய் முனையில இருக்கே, அந்தக் கடையில வாங்கு. கடைக்காரங்களையே நேர்ல போய்க் குடுக்கச் சொல்லு. இப்பவே!"

அந்த முனையில் இருப்பது பூக்கடை இல்லை. போலீஸ் தலைமை அலுவலகம்.

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம்.

"...சரி பெரியவரே." போன் கட் ஆயிற்று.

திரும்பினார். ருட்கரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"எதுக்குப் பூ?"

"கம்பெனி வழக்கம் சார்."

"வேண்டாம். கேன்சல் பண்ணுங்க."

"எதுக்கு சார்? அந்தம்மா சந்தோஷப்படுவாங்க."

"கேன்சல் பண்ணுய்யா! இப்ப யாரும் என் வீட்டுக்குப் போகக் கூடாது!"

குரல் கால்வாயின் இரு கரையிலும் மோதித் திரும்பியது. படகு ஓரமாகக் கிடந்த வாத்து ஒன்று பயந்து பறந்தது.

பாரெண்டுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

"ஏன் சார்... உங்க பெண்டாட்டி சாகறதுக்கு இன்னும் நேரம் வேணுமா?"

ருட்கரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யா... யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலை. பார்த்தாலே தெரியுது."

"பாரெண்ட்... இதோ பாருங்க. உங்களுக்கு வயசாச்சு. களைச்சுப் போயிருக்கீங்க. நீங்க எதையும் பார்க்கல. அப்படித்தானே சொன்னீங்க?"

"சொன்னேன். வாய் தவறி."

"போனைக் குடு!"

ருட்கர் ஒயின் பாட்டிலின் கழுத்தைப் பிடித்தான். எழுந்தான். பாட்டில் தலைக்கு மேலே உயர்ந்தது!

"உட்காருங்க சார். படகு ஆடுது."

"குடுடா போனை!"

அவன் பார்வை பாரெண்டின் மேல். பாரெண்டின் பார்வை அவனுக்குப் பின்னால். ஊரிலேயே தாழ்ந்த பாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடமாக ஒரு தடவைகூடத் தவறாமல் கத்திய வார்த்தை தொண்டை வரை வந்தது.

பாரெண்ட் அதை விழுங்கினார்.

குனிந்துகொண்டார்.

ணங்ங்!

ருட்கர் சீஸ் தட்டின் மேல் மல்லாந்தான். பாட்டில் தண்ணீரில் விழுந்தது. பாரெண்ட் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. படகு கட்டும் கயிற்றை எடுத்து நிதானமாக அவன் கைகளைக் கட்டினார். முழங்கால் வலித்தது.

போன் அடித்தது.

"பெரியவரே! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தப் பொண்ணு?"

"தெரியலை! போலீஸ் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கு! உங்களைப் படித்துறைக்கு வரச் சொன்னாங்க!"

இருபத்தேழு வருடத்தில் அந்தப் படகு அவ்வளவு வேகம் போனதில்லை.

படித்துறையில் இரண்டு போலீஸ் கார்கள். இன்ஸ்பெக்டர் வில்மா கையை நீட்டி பாரெண்டை மேலே ஏற்றினாள். இரண்டு போலீஸ்காரர்கள் முனகிக்கொண்டிருந்த ருட்கரைத் தூக்கினார்கள்.

"மேடம்... ஹெஸ்தர்?"

"பிழைச்சுட்டாங்க!"

பாரெண்ட் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. துடைக்கக்கூடத் தெம்பு இல்லை.

அப்போது காரின் கதவு திறந்தது.

மஞ்சள் கோட்டு இறங்கியது!

பாரெண்ட் துள்ளி எழுந்தார். "இவதான்! இவளைப் பிடிங்க மேடம்! இவதான் போலி! கொல்ல வந்தவளே இவதான்!"

வில்மா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"என்ன உளர்றீங்க? இவங்கதான் ஹெஸ்தர்!"

"என்ன?"

"நிஜ ஹெஸ்தர். பன்னிரண்டரை வருஷமா இவனோட சம்சாரம். வீட்டுக்குள்ள இவன் காசு குடுத்து வெச்ச அடியாள் ஒருத்தன் மாடிப்படி உச்சியில இருட்டுல காத்திட்டு இருந்தான். இவங்க ஏறி வந்ததும் தள்ளிவிடற திட்டம். நம்ம ஊர் மாடிப்படி தெரியுமே, ஏணி மாதிரி. விழுந்தா எலும்பு தேறாது. இவங்க சாவியைப் போட்டு முதல் படியில கால் வைக்கும்போது நாங்க உள்ள பாஞ்சு அவனைப் பிடிச்சோம்."

"ஆனா... அந்த முத்தம்..." பாரெண்ட் திக்கினார். "ஒண்ணோட நிறுத்திட்டாங்களே! பேசல... சீஸ் சாப்பிடல..."

ஹெஸ்தர் மெல்லக் கழுத்துத் துணியை இறக்கினாள்.

இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது!

"மத்தியானம்..." வாய் கோணியது. "கடைவாய்ப் பல்லு... பிடுங்கினேன். பாதி வாய் மரத்துக் கெடக்கு. படகெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன். இன்னிக்கே போயாகணும்னு... ஒத்தைக் கால்ல நின்னார். பல்லுன்னு தெரிஞ்சா நீங்க... திருப்பி அனுப்பிடுவீங்கன்னு கூச்சம்னுட்டார்."

  பாரெண்ட் தன் படகிலிருந்த கம்பளியைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினார்.

ஆக, பாரெண்ட் கண்டுபிடித்தது அத்தனையும் தப்பு. போலி மனைவியே கிடையாது. அந்தத் தப்பை மட்டும் அவர் செய்யாமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் மாடிப்படியின் அடியில் கிடந்திருப்பாள்.

"எனக்கு ஒண்ணு புரியலை மேடம். ஆபத்துன்னு எப்படித் தோணுச்சு? ஃபெம்கே பூன்னு மட்டும்தானே சொல்லியிருப்பா?"

"உங்க புக்கிங் ஆபீஸ் எங்களுக்குப் பக்கத்துலதானே, அந்தப் பொண்ணு ஓடி வந்தா. 'பாரெண்ட் ஒரு ஆளுக்குப் பூ அனுப்பச் சொல்றார்னா அந்த வீட்டுல கொலைதான் விழப்போகுது'ன்னு ஒரே அழுகை!"

ஹெஸ்தர் சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னிரண்டரை வருஷத்துல... என் முகத்தை இவ்வளவு உத்துப் பார்த்த ஆம்பளை... நீங்க ஒருத்தர்தான் சார். அதையும் தப்பாப் பார்த்திருக்கீங்க!"

வில்மா நோட்டைத் திறந்தாள்.

"சரி, ரிப்போர்ட் எழுதணும். குற்றத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்னன்னு போட?"

பாரெண்ட் யோசித்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"'நீண்ட கால அனுபவம்'னு போட்டுக்கங்க மேடம்... பெரிய மனுஷங்க எல்லாம் தப்புக்கு அந்தப் பேரைத்தானே வெச்சிருக்காங்க!"