ஏழு மணிக்கு ஓர் அலறல்

"வீ...ஈஈஈ...ல்!"

காலை ஏழு மணி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை அறுக்கிற மாதிரி அப்படியோர் அலறல்!

யாரும் ஓடி வரவில்லை.

எதிர் டீக்கடை வீரம்மாள் டீ ஆற்றுகிற கையை நிறுத்தவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அது ஊருக்குப் புதுசு.

"பீங்கானாரு கெளம்பிட்டாரு" என்றாள் வீரம்மாள்.

அலறியது பெண் அல்ல... கார்!

'பீங்கான் வேந்தர்' தனக்கோடியின் கறுப்புக் கார். வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகிற அவசரத்தில் தலைமுழுகிவிட்டுப் போனது. வேந்தர் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். மேடை, மாலை, மைக்செட், கை தட்டியவர்களுக்குப் பிரியாணி... எல்லாம் அவரே கொடுத்தார். பட்டத்தை மட்டும் வேறு யாராவது கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

அவர் சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிக்கு மூடி பொருந்தாது. "காத்தோட்டத்துக்கு!" என்பார்.

காருக்கு அந்தக் காற்றோட்டம்தான் தகராறு.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அது காய்ந்து, தளர்ந்து, புல்லிச் சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்கியது. சாவியைத் திருப்பினால் பெல்ட் ஊரைக் கூட்டும். ஃபேன் சோம்பல் முறிக்கும். நாலு மைல் போவதற்குள் எஞ்சின் கொதிக்கும்.

மங்கலம்பேட்டையில் தனக்குத் தானே ஏற்பாடு செய்த பாராட்டு விழாவுக்குப் போகும்போது வண்டி நடுரோட்டில் புகைந்தது. வேந்தர் இறங்கினார். ஜரிகைத் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

புஸ்ஸ்ஸ்!

அன்று மாலையை அவர் புருவம் இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாளே மெக்கானிக் சாமிதுரை வந்தான். ஊரில் பாதி வண்டிகளைச் சரிசெய்தவன். மீதிப் பாதியைக் கெடுத்தவனும் அவனே. மீசை மட்டும் அப்பழுக்கில்லாதது.

"மொதலாளி, ஃபேனு சரியா சுத்தல. புது பெல்ட்டு போட்டு, டைனமோவ இழுத்துக் கட்டி, வளைஞ்ச ரெக்கைய நிமித்திட்டன்னா, வண்டி மெட்ராஸு வரைக்கும் மூச்சு வுடாது!"

"சத்தம்?"

"சத்தமா? இப்ப பொம்பளய வெட்டுறாப்ல இருக்குது. நான் கை வச்சா ஊமையாப் பூடும்!"

வேந்தர் இல்லாத புருவத்தை உயர்த்தினார்.

"வேணாம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கொஞ்ச நாளு வேணும்."

ஏன்...?

அந்த அலறலைக் கேட்டு முதலில் தெருவே ஓடி வந்தது. பிறகு நாலைந்து பேர். பிறகு ஒருவரும் இல்லை. அப்போதுதான் வேந்தரின் மூளையில் பளீரென்று ஒரு மின்னல். காலி இடம் நிறைய இருந்ததால் அது தாராளமாக அடித்தது.

ஏழு மணிக்கு அந்த வீட்டில் யார் அலறினாலும் ஊர் 'கார்' என்றுதான் நினைக்கும். யார் அலறினாலும்... மனைவி நீலாவதி அலறினாலும்!

ஒத்திகையும் ஆயிற்று. ஒருநாள் காலை நீலாவதி விறகை எடுக்கும்போது காலில் பூரான் விழுந்தது. "வீல்!" வேந்தர் அவளிடம் ஓடவில்லை. ஜன்னலுக்கு ஓடி, காதைத் தெருப்பக்கம் நீட்டினார்.

"இன்னிக்கு என்னா, ரெண்டு தடவ ஸ்டார்ட் பண்றாரு?" என்றது வீரம்மாளின் குரல்.

வேந்தருக்கு மெய் சிலிர்த்தது!

சூளை நீலாவதியின் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. கடைசி முறையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று, பட்டணம் போய்விட்டு மாலை ரயிலில் திரும்பியதும் திரும்பாததுமாக ஆரம்பித்தார்.

"நீலா, சூளைய வித்துடலாம்."

"வித்துட்டு?"

"படம் எடுக்கப் போறேன். நாந்தான் ஹீரோ. காலேஜ் ஸ்டூடண்டு."

"ஸ்டூடண்டுக்குத் தொந்தி இருக்குதுங்களே?"

"வசதியான வூட்டுப் புள்ளடி!"

"ஹீரோயினு?"

"பட்டணத்துல பாத்துட்டேன்." சொல்லும்போதே வேந்தருக்கு வெட்கம் வந்தது. "உன் ஜாடைதான்... இருபது வயசு கம்மி."

நீலாவதி சோற்றைப் பரிமாறினாள்.

"எங்கப்பன் களிமண்ணு மெதிச்சுக் கட்டுன சூளைங்க. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்."

உசுரோட இருக்கிற வரைக்கும்!

முப்பது வருட தாம்பத்தியத்தில் மனைவி சொன்ன ஒரு சொல்லை வேந்தர் முதல் முறையாக மதித்தார்.

விடிந்தது.

வேந்தர் குளித்து, பவுடர் போட்டு, ஜரிகைத் துண்டு போர்த்தினார். கொலைக்குப் பின் ஊர் கூடும். போட்டோகூட எடுப்பார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். டீக்கடையில் கூட்டம் இன்று அதிகம். எல்லார் கண்ணும் அவர் வாசலில்!

'பட்டணம் போய்ட்டு வந்தது தெரிஞ்சிருக்கு. பாக்கத் துடிக்கிறானுவ!' துண்டை இன்னொரு முறை சரிசெய்துகொண்டார்.

பேட்டரி படுத்துக்கொண்டால் காரின் முன்னால் செருகிச் சுற்றுகிற ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கையில் எடுத்தார். கனத்த இரும்பு. ஒரே அடி... பின்புறக் கிணறு... 'வழுக்கி வுழுந்துட்டாளே, ஐயோ!' அழுகையைக்கூடக் கண்ணாடி முன் பழகி வைத்திருந்தார்.

நீலாவதி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். முதுகு அவருக்கு.

பூனை நடை. தொந்தி வைத்த பூனை.

கூடத்துக் கடிகாரம் ஏழு அடிக்க ஆரம்பித்தது.

இன்னும் நாலடி தூரம்... ஹேண்டில் மேலே எழுந்தது...

"வீ...ஈஈஈ...ல்!"

நீலாவதி திரும்பிக்கூடப் பார்க்காமல், தொண்டை கிழிய அலறினாள்!

வேந்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன்டி கத்துற? நான் இன்னும் அடிக்கவே இல்லியேடி!"

நீலாவதி நிதானமாகத் திரும்பினாள்.

"அடிச்சப்புறம் எனக்குக் கத்த வராதுங்களே. அதான் முன்னாடியே கத்திட்டேன்."

வேந்தர் ஒரு கணம் குழம்பினார். பிறகு சிரித்தார். நாடகக் கம்பெனி வில்லன்கள் சிரிக்கிற சிரிப்பு.

"கத்துடி, நல்லா கத்து! ஒருத்தனும் வரமாட்டான். காருன்னு நெனைப்பானுவ! இதுக்குத்தான்டி பெல்ட்ட மாத்தாம வச்சிருக்கேன்!"

தட... தட... தட... தட!

வேந்தரின் சிரிப்பு பாதியில் நின்றது. காலடி ஓசை! ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு டீக்கடையே ஓடி வருகிற ஓசை!

"எவன்டா என் பெல்ட்ட கத்த வச்சது?"

சமையலறைக்கு அடுத்த கார் ஷெட்டிலிருந்து சாமிதுரையின் கர்ஜனை. பானெட் திறக்கும் சத்தம்.

"அடேய், எஞ்சினத் தொட்டுப் பாருங்கடா! ஐஸாட்டம் இருக்குது. ஸ்டார்ட்டே பண்ணல! பெல்ட்ட அமுக்கிப் பாருங்கடா, எப்புடி விறைப்பா நிக்குது! எம் பெல்ட்டு கத்தலடா!"

"அப்பக் கத்துனது யாரு?" வீரம்மாளின் குரல்.

பின்கதவு திறந்தே இருந்தது. நீலாவதி விடியற்காலையிலேயே தாழ்ப்பாளை நீக்கி வைத்திருந்தாள். அதில் இருபது தலைகள் முளைத்தன.

தூக்கிய ஹேண்டிலோடு வேந்தர். கிட்டத்தட்ட சிலை. அவர் தனக்கு வைக்க ஆசைப்பட்டதும் அதுதான்.

"வ... வண்டி ஸ்டார்ட் பண்ணலாம்னு..."

"வண்டி ஷெட்டுல நிக்குதுங்க" என்றான் சாமிதுரை. "இங்க அம்மாதான் நிக்குறாங்க."

"நீங்கல்லாம் எப்புடிய்யா வந்தீங்க? தெனம்தானே கத்துது?"

"இனிமே எங்க கத்தும்? நேத்து நீங்க பட்டணம் போன பின்னால அம்மா கூப்ட்டு அனுப்புனாங்க. புது பெல்ட்டு, புது பேரிங்கு, டைனமோவ இழுத்துக் கட்டி, ரெக்கைய நிமித்தி... காலையில வண்டி கத்துனா எம் மீசைய எடுத்துக்கிறேன்னு டீக்கடையில பந்தயம்!"

"சலூன்காரர வேற கூட்டியாந்து உக்கார வச்சிருந்தோம்" என்றாள் வீரம்மாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கூட்டத்தின் பின்னால் சலூன்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

வேந்தரின் கண்கள் கலங்கின.

"என் புகழக் கேட்டுதான் கூடியிருந்தீங்கன்னு..."

"மொதலாளி, நெசத்தச் சொல்றேன். உங்களுக்காகவும் வரல, அம்மாவுக்காகவும் வரல. எம் மீசைய காப்பாத்திக்க வந்தேன்!"

"மீசைய பந்தயத்துல வைக்கச் சொன்னதே நாந்தாங்க" என்றாள் நீலாவதி.

"நீயா! ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"பூரான் வுழுந்து கத்துனேனே, ஞாபகம் இருக்குதுங்களா? அன்னிக்கு நீங்க பூரானப் பாக்கல. என்னையும் பாக்கல. தெருவப் பாத்தீங்க."

வேந்தர்... இனி அந்த மரியாதை எதற்கு? தனக்கோடி ஹேண்டிலைக் கீழே போட்டான். அது அவன் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது.

"ஐயோஓஓ!"

"இதுதான் நெசமான அலறலு" என்றாள் வீரம்மாள். "பழைய பெல்ட்டு கத்துனாப்லயே இல்ல?"

இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி அரை மணி கழித்து வந்தார். வந்ததும் தொப்பியைச் சரிசெய்தார். போட்டோக்காரன் வந்துவிட்டானா என்று கேட்டார். நடந்ததை இருபது வாய்கள் ஒரே நேரத்தில் சொல்ல, "எனக்கு மொதல்லயே சந்தேகம்!" என்றார். இவரும் தினமும் ஏழு மணிக்கு அந்த அலறலைக் கேட்டபடி அதே டீக்கடையில் ஓசி டீ குடித்தவர்தான்.

தனக்கோடி ஜீப்பில் ஏறினான். ஜரிகைத் துண்டு சமையலறைத் தரையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிரைவர் சாவியைத் திருப்பினான்.

"வீ...ஈஈஈ...ல்!"

தெருவே துள்ளிக் குதித்தது!

சாமிதுரை சிரித்தான். "ஐயா, உங்க ஜீப்புக்கும் ஃபேன் பெல்ட்டு தளந்து போச்சுங்க. சித்த நேரத்துல மாத்திடலாம்."

"தொடாதே!" இன்ஸ்பெக்டர் மிடுக்காகக் கையை உயர்த்தினார். "அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கொஞ்ச நாளு வேணும்."

நீலாவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க ஐயா... உங்க வூட்டம்மா சௌக்கியமா இருக்காங்களா?"