அக்கரை சேராத ஊடை

உலகத்தில் தீர்க்க முடியாத மர்மம் என்று ஒன்றுமே கிடையாது. துப்பு இன்னும் வந்து பார்க்காத மர்மங்கள் மட்டுமே உண்டு. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர், எல்லாரும் ‘துப்பு’ என்று கூப்பிடும் அவரேதான். நெசவு ஆலையில் துணி சோதிப்பது அவர் வேலை. விளக்கு வைத்த மேசைமேல் துணியை ஓடவிட்டு, குறை தெரிந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவார். இதை அவர் ‘புலன்விசாரணை’ என்பார். ஆலையின் முதலாளி அவருடைய சொந்த அக்கா. அக்கா இதை ‘சம்பளம் வாங்குற வேலை’ என்பார்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. கடைசித் தறியின் துணியில் துப்பு பிணத்தைக் கண்டுபிடித்தார். அதாவது, துணியின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. ஓடுகிற தறி நின்று மறுபடி கிளம்பினால் விழும் கோடு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. நாளுக்கு ஒன்றாக வரிசையில் கிடந்தன.

“அக்கா, கொலை!”

“யாரைடா?”

“துணியை.”

அக்கா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கோடு விழுந்த துணியை வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தத் தறியை ஓட்டுபவள் முடிச்சு. அறுந்த நூலைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுவதால் வந்த பெயர். புதுத் தறி வந்ததும் அடம்பிடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டவள்.

“தறியில கோளாறு இல்லைன்னு ஃபிட்டர் தினமும் பார்த்துட்டுச் சொல்றான். அப்ப கோளாறு யாருகிட்ட?” என்றார் அக்கா. “இன்னைக்கும் நின்னுச்சுன்னா இவளை மடிப்பு அறைக்கு மாத்திடுவேன்.”

“அய்யோ அக்கா, அங்க போட்டா நான் துணியோட துணியா மடிஞ்சு தூங்கிருவேன். எனக்கு இந்தத் தறிதான் வேணும்” என்றாள் வாசலிலிருந்து எட்டிப்பார்த்த முடிச்சு.

“சாயங்காலத்துக்குள்ள குற்றவாளியைப் பிடிச்சுக் கையில குடுக்கிறேன்” என்றார் துப்பு.

“முதல்ல இந்தத் துணியைப் பார்த்து முடிடா.”

துப்பு தறிக்கூடத்துக்குள் நுழைந்தார். பருத்தி நூல் ஓடும் கூடம். பத்து நிமிடம் நின்றால் போதும், யாருக்கும் அறுபது வயதாகிவிடும். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. இந்தத் தறிகளில் நூலைக் கொண்டுபோகும் ஓடம் கிடையாது. குறுக்கே போகும் ஊடை நூலின் நுனியை நாசில் என்ற ஊதுமுனை காற்றால் ஊதிவிடும். நெடுக்காக விரிந்த பாவு நூல்களுக்கு நடுவே, வழிநெடுக இருக்கும் குட்டி நாசில்கள் அதை ஊதி ஊதிக் கைமாற்றி அக்கரை சேர்க்கும். அங்கே ஒரு மின்கண் காத்திருக்கும். நூல் வந்து சேராவிட்டால் தறி அப்படியே நின்று கோபித்துக்கொள்ளும்.

“எப்ப நிக்குது?”

“சாயங்காலம். மணி அடிக்கக் கொஞ்சம் முன்னாடி” என்றாள் முடிச்சு.

“நூல் அறுந்திருக்கா?”

“இல்ல. நுனி முழுசா இருக்கு. பாதி வழியில சுருண்டு படுத்திருது.”

“மத்த தறி?”

“அதுங்களுக்கு என்ன, ஜம்முனு ஓடுது.”

“நின்னதும்?”

“ஃபிட்டர் வருவாரு. நாசிலைப் பார்ப்பாரு. மறுபடி போட்டா ஓடிரும். அப்புறமும் கொஞ்ச நேரம் நிப்பாரு.”

“எதுக்கு?”

“தறியைப் பார்க்க.” முடிச்சு பாவு நூலை எண்ணுகிறவள்போல் குனிந்துகொண்டாள்.

நூல் அறவில்லை, ஆகவே காற்றுதான் கைவிட்டிருக்கிறது. துப்பு கம்ப்ரசர் அறைக்குப் போனார். அங்கே வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் அளவுமானியை முறைத்துக்கொண்டிருந்தார்.

“காத்தைக் குறைச்சீங்களா?”

“முள்ளு அசையல தம்பி. நான் குறைச்சா எல்லாத் தறியும்ல நிக்கும்? உங்க அக்கா என்னை இந்த டேங்க்குக்குள்ளயே போட்டு மூடியிருப்பாங்க.”

நியாயம்தான். திரும்பும்போது கடைசித் தறிக்குப் போகும் குழாயைப் பார்த்தபடியே வந்தார். தூணுக்குப் பின்னால், அதே குழாயிலிருந்து பிரித்த ரப்பர் குழாய் ஒன்று கொக்கியில் தொங்கியது. வேலை முடிந்து தறிகள் எல்லாம் நின்ற பிறகு, அவற்றின்மேல் படிந்த பஞ்சை ஊதித் தள்ளுவதற்கானது. அதன் கீழே ஃபிட்டர் உட்கார்ந்து நாசில் துடைத்துக்கொண்டிருந்தான். பஞ்சு படிந்து, காட்டிலிருந்து இறங்கிவந்த முனிவரைப்போல் இருந்தான்.

“தறியில என்னய்யா பிரச்சினை?”

“தெரியலைங்க. நான் போய் நின்னா சரியாயிருது.”

“கைராசியோ?”

ஃபிட்டர் வெட்கப்பட்டான். வெட்கப்படும் முனிவரைத் துப்பு அன்றுதான் பார்த்தார்.

மாலை. பாவு உருளைக்குப் பின்னால் துப்பு பதுங்கினார். கண்கள் தறியைவிட்டு அகலவில்லை. மணி அடிக்கச் சற்று முன், யாரும் தொடாமலே தறி நின்றது. ஊடை பாதி வழியில் சுருண்டு கிடந்தது. முடிச்சு கையைத் தூக்கினாள். ஃபிட்டர் ஓடிவந்தான். கருகருவென்று, அலையலையாகப் புரண்ட முடியை ஒதுக்கிவிட்டபடி நாசிலைப் பார்த்தான். “ஒண்ணுமில்லைங்க, பயப்படாதீங்க.” தறி ஓடியது.

“முடிஞ்சுது” என்றார் பின்னால் வந்து நின்ற அக்கா. “நாளையிலேர்ந்து மடிப்பு அறை.”

முடிச்சு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துப்புவின் மூக்கில் பஞ்சு புகுந்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டு நிமிர்ந்தார். எதிரே வெள்ளைத் தலைகள். முடிச்சு தலை, பக்கத்துத் தறிக்காரர் தலை, வந்து கால் மணி நேரம்கூட ஆகாத அக்காவின் தலை.

“அக்கா, நில்லு. எல்லாரும் தலையைக் குனிங்க.”

“இவனுக்கு என்னமோ ஆயிருச்சு” என்றபடி அக்கா குனிந்தார். துப்பு வரிசையாக ஒவ்வொரு தலையையும் தடவினார். பஞ்சு. பஞ்சு. பஞ்சு. ஃபிட்டரின் தலையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

“காலையில முனிவர். இப்ப மாப்பிள்ளை. நடுவுல என்னய்யா நடந்துச்சு?”

ஃபிட்டர் தூணைப் பார்த்தான். துப்பு நேராகத் தூணுக்குப் பின்னால் போனார்.

“முடிச்சு, தறியைக் கவனி!”

ரப்பர் குழாயின் வால்வைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று பாய்ந்தது. அடுத்த நொடி ஊடை பாதி வழியில் படுத்தது, தறி நின்றது.

“கம்ப்ரசர் முள்ளு அசையாது, மத்த தறிக்கும் தெரியாது. ஆனா இந்தக் குழாயைத் திறந்தா கடைசித் தறியோட மூச்சு போயிரும். சத்தத்துல யாருக்கும் கேக்காது. நாம எல்லாம் தறியையே பார்த்துக்கிட்டிருந்தோம். பார்க்க வேண்டியது தலையை.”

“நான் வேணும்னு பண்ணலைங்க!” என்றான் ஃபிட்டர். “என்னாலதான் நிக்குதுன்னே இப்பத்தான் தெரியுது.”

“தலைக்கு எதுக்குடா காத்து?” என்றார் அக்கா.

“மணி அடிச்சா அவங்க கிளம்பிடுவாங்க. நரைச்ச தலையோட எப்படிங்க பக்கத்துல போய் நிக்கிறது?”

யார் அந்த ‘அவங்க’ என்று எவரும் கேட்கவில்லை. முடிச்சு முறைத்தாள்.

“தினமும் என் துணியில கோடு போட்டது உங்க கிராப்புதானா?” முறைப்பு அதற்குமேல் தாங்கவில்லை, சிரித்துவிட்டாள். “நாளைக்கு இந்தப் பஞ்சோடயே வாங்க. என் தலை மட்டும் என்ன வாழுதாம்?”

“தறி உனக்குத்தான்” என்றார் அக்கா அவளிடம். ஃபிட்டர் பக்கம் திரும்பினார். “நீ அந்தக் குழாயைக் கழட்டி, கம்ப்ரசர் அறைக்குப் பின்னாடி தனி லைன்ல மாட்டு, பஞ்சு ஊதறப்ப இழுத்துக்கலாம். இனிமே காத்தைத் தலையில அடிச்சுக்காதே, கண்ணுல போனா பார்வை போயிரும்.”

துப்புக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. “ஒரு பொண்ணு பார்க்கணும்னு காத்தடிச்சுக்கிற ஆம்பளையை இப்பத்தான்யா பார்க்கிறேன். அது தலையா, சைக்கிள் டயரா?” அடுத்த சில நாட்கள் டீ குடித்த இடத்திலெல்லாம் இதைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஃபிட்டரின் தலை வளர்ந்து லாரி டயராகிவிட்டது.

அடுத்த புதன்கிழமை மடிப்பு அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் அவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, அந்தக் கேஸை நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? சாயங்காலம் டீ குடிக்கும்போது முழுசா சொல்லுங்களேன்.”

“அது ஒரு சாதாரண விஷயங்க” என்றார் துப்பு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன அடக்கமான வாக்கியம்.

மணி அடிக்கச் சற்று முன், துப்பு கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரப்பர் குழாயின் வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து, தலையைக் குனிந்தார்.