வடிதுணியில் நின்றது

இது நடந்தது முப்பத்தெட்டிலா, முப்பத்தொன்பதிலா என்பது சரியாக நினைவில்லை. ராஜமதி அந்த வீட்டில் ஏழு மாதம் இருந்தாள் என்று சிலரும் பத்து மாதம் என்று சிலரும் சொன்னார்கள். கேட்டதில் பாதியை நானே பின்னால் சேர்த்துக்கொண்டேனோ என்ற சந்தேகமும் உண்டு. ஆனால் அந்தக் கிணற்றையும் துணியையும் பற்றிக் கேட்டது மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்கூட மாறவில்லை.

செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ராஜமதியும் அவள் கணவன் ஸ்ரீசந்திரனும் ஐந்து வயது மகள் பத்மாவும் திண்டிவனத்துக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். வேர்க்கடலை வந்து குவியும் மல்லாட்டை மண்டியில் காயை உடைத்துத் தரம் பார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. பத்மாவுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். ஊர்க்குளத்துத் தண்ணீரால் வந்த வாந்திபேதி அவனை ஒரே பகலில் கொண்டுபோய்விட்டது. அதனால் வீடு தேடும்போது ராஜமதி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"தண்ணி நல்லா இருக்கற தெருவாப் பாருங்க. வூடு எப்டியிருந்தாலும் இருந்துக்கலாம்."

ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட வேட்டியில் எல்லாம் கரித்தூள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு விசாலமாக இருந்தது; ஜன்னலைத் திறந்தால் எதிரே கசாப்புக்கடை. புலால் உண்ணாத சமணக் குடும்பம் அங்கே எப்படி இருக்கும்? இருந்தும் அவள் இரண்டு வீட்டுக் கிணற்றிலும் இறைத்து, முந்தானையில் வடித்து ஒரு கை குடித்துப் பார்த்தாள்.

"வூடு பாக்க வந்தியா, தண்ணி ருசி பாக்க வந்தியா?" என்று ஸ்ரீசந்திரன் சிரித்தான்.

மூன்றாவது வீட்டைக் காட்டியவள் ராஜமதியின் அக்கா குணமதி. அவள் கல்யாணமாகி எட்டு வருடமாக இந்த ஊரில்தான் இருந்தாள். தோப்புத் தெருக் கடைசியில் இருந்தது அந்த வீடு. கொல்லையில் கருங்கல் கட்டிய கிணறு. தண்ணீர் இளநீர் போல் இருந்தது.

"இந்த ஊர்லயே இப்டித் தண்ணி கெடையாது, ராஜி. ஒரு ரயில்வே குமாஸ்தா குடியிருந்தாரு. மாத்தலாயிப் பூட்டாரு" என்றாள் குணமதி. சொல்லும்போது அவள் கிணற்றின் பக்கம் திரும்பவில்லை.

குடிவந்த அன்று குணமதி ஒரு பித்தளைச் செம்பை முந்தானையால் மூடி எடுத்துவந்தாள். நேரே கொல்லைக்குப் போனாள். செம்பைக் கிணற்றுக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் போய் விழும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

"அது இன்னாக்கா?"

"எங்க வூட்டுத் தண்ணிதான். ரெண்டு வூடும் ஒண்ணா இருக்கட்டும்னு ஊத்தினேன்."

ராஜமதிக்குக் கண் கலங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

அவர்கள் வழக்கப்படி தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் புழங்கமாட்டார்கள். விடிந்ததும் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, இறைத்த தண்ணீரை மெல்ல ஊற்றுவாள் ராஜமதி. பிறகு துணியைக் கவிழ்த்து, வடித்த தண்ணீராலேயே அலசி, அந்த அலசலைத் தோண்டியில் இறக்கி அதே கிணற்றில் விடுவாள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் துணியில் தங்கியிருக்கும். பிறந்த தண்ணீருக்கே அவை திரும்ப வேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் செத்துப்போகும்.

நான்காம் நாள் காலை துணியில் ஒரு முடி இருந்தது.

விரல் நீளம். தன்னுடையதுதான் என்று நினைத்தாள். எடுத்து எறிய யோசித்தாள். ஈரத்துணியைக் கிள்ளினால் ஏதாவது நசுங்கிவிடுமோ என்று முழுவதையும் அலசிக் கிணற்றிலேயே விட்டாள்.

மறுநாள் முடி சாண் நீளம் இருந்தது. அடுத்த வாரம் முழ நீளம். ராஜமதியின் கூந்தல் சுருட்டை. இது நேராக, கனமாக இருந்தது. தண்ணீரில் மெல்லத் தாழம்பூ வாசனை வந்தது. அந்தத் தெருவில் தாழை எங்கும் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அலசி, பத்திரமாகத் திருப்பி விட்டாள்.

ஒரு மத்தியானம், வெயில் கொல்லைச் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம், பத்மா உள்ளே வந்தாள். காலையில் ராஜமதி அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். இப்போது ஒற்றைப் பின்னல். இறுக்கமாக, நேர்த்தியாக இருந்தது.

நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாருடி பின்னினது?"

"கெணத்தடி அக்கா."

"எந்த அக்கா?"

"அவங்களுக்குப் பேச வராதும்மா. வாயத் தொறந்தா தண்ணிதான் வருது."

பின்னலின் நுனியில் ரிப்பன் இல்லை. ஒரு நீளமான கறுப்பு முடியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

ராஜமதி அதை அவிழ்த்தாள். ஈர முடிச்சு இறுகியிருந்ததால் நெடுநேரம் ஆயிற்று. மறுநாள் மத்தியானம் அதே பின்னல். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். குழந்தையை அறைக்குள் வைத்துத் தாழ்போட்டும் பார்த்தாள்.

அறைக்குள் ஈரக் கால்தடம் இருந்தது.

கீரை விற்க வரும் முனியம்மாள் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு, பத்மாவின் தலையை வெறித்துப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"இந்தக் கொயந்தைக்குமா, தாயீ?"

"இன்னா சொல்றீங்க?"

"உங்க அக்கா பொண்ணுக்கும் இப்டித்தான் ஈரத்தோட பின்னிக்கினு கெடந்துச்சு."

"எங்க அக்காவா? எங்க?"

"இன்னா இப்டி கேக்கற? இதே வூட்டுலதான். ரெண்டு வருசம் இருந்தாங்களே. உனுக்குச் சொல்லலையா?"

ராஜமதி பத்மாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முனியம்மாளே மெல்லச் சொன்னாள்: முன்னொரு காலத்தில் இந்த வீட்டு மருமகள் ஒருத்தி காணாமல் போனாள். ஓடிவிட்டாள் என்றார்கள். "யாரும் தேடல. கெணத்தத் தூரு கூட வாரல. குடிச்சிக்கினே இருந்தாங்க."

அன்று சாயங்காலம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, ராஜமதி அக்கா வீட்டுக்கு நடந்தாள். குணமதி குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குமாஸ்தான்னு சொன்னியேக்கா."

குணமதி விளக்கை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"மத்தவங்க இறைச்சாங்க, குடிச்சாங்க. அவள ஒரு உயிருன்னு நெனச்சு அலசித் திருப்பி வுட்டது நாமதான், ராஜி. அத்த மறக்க மாட்டேங்கறா. வூட்ட மாத்துன அன்னிக்கி அவசரத்துல கடைசி அலசல இந்த வூட்டுக் கெணத்துல ஊத்திட்டேன். கூடவே வந்துட்டா. செம்புல கொண்டுபோய் அங்கயே வுட்டுப் பாத்தேன். பூட்டுன வூட்டுல நிக்க மாட்டேங்கறா. மறுநாளே என் துணியில வந்துட்டா."

"அதனால?"

"துணி கட்டி வடிக்கிற ஆளு அங்க இருந்தா நிப்பா."

விளக்குத் திரி காய்ந்து கிடந்தது. யாரும் ஏற்றவில்லை.

"ஒரு புள்ளய தண்ணிக்குக் குடுத்தவக்கா நானு" என்றாள் ராஜமதி. "அது தெரிஞ்சிக்கினேதான் தண்ணி நல்லாயிருக்குன்னு சொன்னியா?"

"தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்றாள் குணமதி. பிறகு அழுதாள். "எம் பொண்ணு ஆறு மாசமாப் பேசவேயில்ல, ராஜி. நீ குடிவந்த அன்னிக்கி என்னை அம்மான்னு கூப்புட்டா. உன்னாலயும் முடியும். நம்மள மாதிரி துணி கட்டி வடிக்கிறவங்க யாரயாச்சும் அங்க அனுப்பு. உம் பொண்ண வுட்டுருவா."

ராஜமதி திரும்பி நடந்தாள். அக்கா வாசல்வரை வந்து கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை.

விழுப்புரத்தில் ஸ்ரீசந்திரனுக்கு வேறொரு மண்டியில் வேலை கிடைத்தது. இந்த முறை ராஜமதி தண்ணீரை ருசி பார்க்கவில்லை. கொல்லையில் கிணறில்லாத வீடாகத் தேடி, தெருமுனைப் பொதுக்கிணற்றில் ஊரே இறைக்கும் தெருவாகப் பார்த்துக் குடியேறினாள். தோப்புத் தெருவை விட்டுக் கிளம்பிய காலையில் துணியை மூன்று முறை அலசி, அத்தனையையும் அந்தக் கிணற்றிலேயே இறக்கினாள். துணியையும் அங்கேயே விட்டாள்.

விழுப்புரத்தில் முதல் நாள் காலை புதுத் துணியைக் கட்டித் தண்ணீரை ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியைப் பிரித்தாள்.

வெள்ளை வெளேரென்று இருந்தது.

சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பினாள். வாசற்படியில் பத்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எட்ட ஒரு ரயில் கூவியது. பத்மாவுக்கு அன்று இன்னும் யாரும் தலை பின்னவில்லை.

ஒற்றைப் பின்னலின் நுனியிலிருந்து படியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது. அவள் கணவனுக்குத் திண்டிவனத்தில் வேலையாம், கைக்குழந்தையோடு போகிறார்களாம், தோப்புத் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாமே, தண்ணீர் எப்படி என்று கேட்டிருந்தாள். பத்மா பேச்சை நிறுத்தி அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது. ராஜமதி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் போவதற்குள் ஒரே வரி எழுதி அனுப்பினாள்.

"அந்தத் தெருவுக்குப் போகாதே. தண்ணீர் உப்பு."

அவள் வாழ்நாளில் எழுத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நாத்தனார் வேறொரு தெருவில் குடியேறி நன்றாக இருந்தாள். குணமதி நாற்பத்து நான்கில் காய்ச்சலில் இறந்தாள், ராஜமதி போகவில்லை. ஸ்ரீசந்திரன் கடைசிவரை மண்டியில் காய் உடைத்தான். தோப்புத் தெரு வீடு இடிந்து விழுந்தது. கிணற்றை மட்டும் யாரும் தூர்க்கவில்லை. பத்மா பேசாமலே வளர்ந்தாள். நாற்பத்தொன்பதில் வந்தவாசியிலிருந்து வந்த ஒரு நல்ல பிள்ளை எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று விடியற்காலை தலை பின்னிவிடப் பூவும் எண்ணெயுமாகப் பெண்கள் அவள் அறைக்குள் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

ஏற்கெனவே பின்னியிருந்தது. பின்னல் முழுக்கத் தாழம்பூ வைத்திருந்தது.