திரையில் அழியாத சிவப்பு

பட்டப்பகலில், இரண்டு ரயில் தடங்கள் சேரும் இடத்தில் அந்தப் பொறியாளரின் உடல் கிடந்தது. ஓட்டுநர் இல்லாத ரயில் அவரை அடித்துவிட்டுப் போயிருந்தது.

பழைய தடத்துக்கு ஒரு கணினி, புதிய தடத்துக்கு இன்னொன்று. ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியவைக்கும் இணைப்பை எழுதியவர் அவர். கூட எழுதியவன் அவர் மனைவியின் தம்பி.

“தடத்துல இறங்கறதுக்கு முன்னாடி, தடத்தை மூடச் சொல்லிக் கணினியில ‘பூட்டு’ கேக்கணும் மேடம். கேட்டா ரயில் வராது. புதுத் தடத்துல அப்படி எதுவும் பதிவாகலை,” என்றார் கட்டுப்பாட்டு அறை அதிகாரி. “தானாப் போய் நின்னுருக்கார்.”

கணவரின் பொருள்களை வாங்க மூன்றாம் நாள் வந்திருந்த மனைவி தலைகுனிந்தாள். அவர் செத்த அன்று காலை அவரோடு சண்டை போட்டவள் அவள்.

பெண் ஆய்வாளர் சுவர்த்திரையைப் பார்த்தார். பொறியாளர் செத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. தடத்தில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அங்கே யாருமில்லை. வந்த ரயில் ஒன்று, கதவு திறக்காமல், அந்த இடத்துக்கு முன்னால் அசையாது நின்றது. ஊழியர்கள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கணினி முன் உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி விசைப்பலகையைத் தட்டினான். புள்ளி மறைந்தது.

“செத்த அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து வருது. அழிச்சுட்டே இருக்கேன்.”

“எங்கேர்ந்து வருதுன்னு பாத்தீங்களா?”

“எதுக்கு மேடம்? வெறும் குப்பை.”

புள்ளி மறுபடி எரிந்தது.

பழைய தடத்தின் கணினியைத் திறக்கச் சொன்னார் ஆய்வாளர். செத்தவர் கேட்ட பூட்டு அதில் அப்படியே இருந்தது. கேட்டவரே வந்து விடுவிக்கும் வரை, ‘இங்கே ஆள் இருக்கிறார்’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

“அவர் முறைப்படி பூட்டு கேட்டிருக்கார். இணைப்பு அறுந்திருந்தா ரயிலே நின்னுருக்கும். நிக்கலை. புதுத் தடத்துக்குப் போக வேண்டிய பூட்டுச் செய்தியை மட்டும் யாரோ தடுத்து, சாயங்காலம் விட்டிருக்காங்க. அப்படிச் செய்யத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் தடத்துல இருந்தார்.”

தம்பியின் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் பயந்தாங்க. நீங்க பயப்படலை, காரணமும் தேடலை. நீங்க எழுதின இணைப்புல இப்படி வந்தா தூக்கம் பிடிக்குமா? அது என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். “இணைப்பு சரியில்லை, புதுத் தடத்தை ஜனங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு மாமா எல்லார் முன்னாடியும் நான் எழுதின பகுதியைத்தான் காட்டினார்...”

மனைவி எழுந்து அவனருகே வந்தாள். அடிப்பாள் என்று நினைத்து அதிகாரி குறுக்கே வந்தார். அவள் கை ஓங்கவில்லை.

“மூணு நாளா என் பக்கத்துலயே உக்காந்து, ‘நீ சண்டை போட்டதுக்கு யாராவது சாவாங்களாக்கா’ன்னு கண்ணைத் துடைச்சு விட்டியேடா.”