கழுத்தளவு

காலையில்தான் கும்பகோணத்தில் சுத்தமாகக் காலி செய்த தொட்டி. உச்சிவேளைக்குள் முதல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கேரவனின் அடிவயிற்றில் கழிவுநீர்த் தொட்டி. வெளிப்பக்கம், வால்வுக்கு மேலே நாலு சிவப்பு விளக்குகள். கால், அரை, முக்கால், முழுசு என்று சென்னையில் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் டிரைவர் சாமிதுரை மடை திறந்து வயல் பாய்ச்சி வளர்ந்தவன். அவன் வாயில் அது கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. கழுத்துக்கு மேல் போனால் உள்ளே பாத்ரூம் தரை வழியாக அத்தனையும் பொங்கி வரும்.

வண்டி, ஒன்றியத் தலைவர் இராஜாங்கத்துடையது; சினிமாக்காரர்கள் கழித்துக் கட்டியதை வாங்கினார். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்வார்; நிலத்தை மட்டும் விடமாட்டார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து சமையல்காரன் பேரிலும் சலவைக்காரன் பேரிலும் எழுதிவைத்தவர், தொழுவத்து மாட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால்தான் அதை விட்டுவைத்தார் என்பது வலங்கைமான் டீக்கடைப் பேச்சு.

நாலு மணிக்கு அமைச்சர் இந்த வண்டிக்குள் வந்து உட்காரப்போகிறார். நேற்று உள்ளே லேசாக நாற்றம் அடித்ததற்கே இராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"நாளைக்கும் நாத்தம் வந்துச்சு, அரசப்பனுக்குப் பக்கத்துலயே உனக்கும் ஒரு குழி. புரியுதாடா?"

"சரிங்கய்யா."

புரியாமல் என்ன? குழியை அவன் பார்த்தவன்தானே. அதனால்தான் விடிந்ததும் தொட்டியைக் கழுவி, பாத்ரூமைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். யாரும் உள்ளே போகவில்லை. ஒரு சொட்டு விழவில்லை.

இரண்டாவது விளக்கு எரிந்தது. முழங்கால்.

வாய்க்கால் ஓரத்துப் புங்கமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே ஏசியின் உறுமல், அதற்கு மேல் சாப்பிட்டுப் படுத்த இராஜாங்கத்தின் குறட்டை, அதற்குக் கீழே, தகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், யாரோ வாயை நீருக்குள் வைத்து மூச்சு விடுவதுபோல பொளக், பொளக் என்று ஒரு சத்தம். வாடையும் மலத்தின் வாடை இல்லை. நடவுக்கு உழுத வயலின் பச்சைச் சேற்று வாடை.

அரசப்பனின் வயல் அப்படித்தான் மணந்தது, போன வெள்ளிக்கிழமை. நாலு மா குத்தகை நிலத்தை விட்டுப் போகமாட்டேன் என்று, வேலிக்கல் ஊன்றத் தோண்டிய குழியிலேயே இறங்கி நின்றான். மண்வெட்டிக் காம்பால் முழங்கால்களை உடைத்தார்கள். உட்கார்ந்துவிட்டான். "மடையத் தொறடா" என்றார் இராஜாங்கம், ஏதோ குறுவைக்குத் தண்ணீர் விடுவதுபோல. சாமிதுரை கேரவனின் கழிவுக் குழாயைக் குழிக்குள் விட்டு வால்வைத் திறந்தான். இங்கே ஒவ்வொரு விளக்காக அணைந்தது; அங்கே கழிவு ஒவ்வோர் அளவாக ஏறியது. குழியின் விளிம்பைப் பற்றிய விரல்களை ஒன்று விடாமல் நசுக்கினார்கள். அரசப்பன் இராஜாங்கத்தைப் பார்க்கவே இல்லை.

"சாமிதுரை... மடையக் கட்டுப்பா."

கட்டவில்லை. குடித்துவிட்டுக் குழியில் விழுந்தான் என்று ஊரே பேசியது. பேசியவர்களில் ஒருவரும் நம்பவில்லை.

மூன்றாவது விளக்கு. இடுப்பு.

வால்வை இழுத்தான். ஒன்றும் வரவில்லை. ஸ்பேனரை மாட்டித் தொங்கினான். முழுசாகத் திறந்துதான் இருந்தது. குழாய்க்குள் கையை விட்டான். காய்ந்த குழாய். வெறும் காற்று.

"ஏம்ப்பா சாமிதுரை!" மகளிரணி அம்சம் ரோட்டிலிருந்து கூப்பிட்டாள். கையில் ஆரத்தித் தட்டு, பின்னால் பத்துப் பெண்கள். "அண்ணன் எந்திரிச்சாரா இல்லையா? அமைச்சர் வர்றதுக்குள்ள ஆரத்தியே ஆறிப்போயிடும்."

"இருங்கக்கா... அஞ்சு நிமிசம்."

கழுத்து.

குறட்டை நின்றது.

"டேய், யார்ரா பாத்ரூம்ல? யார்ரா குளிக்கிறது?"

சாவி அவன் இடுப்பில் இருந்தது. ஸ்பேனரோடு ஏறினான். பாத்ரூம் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே கருஞ்சேறு. இராஜாங்கம் குந்தியிருந்தார். முழங்கால்கள் இரண்டும் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. முகம் சேற்றுக்குள்.

பொளக். பொளக்.

"அய்யா!"

தூக்கத்தான் தலையில் வலது கையை வைத்தான். கை தூக்கவில்லை. அழுத்தியது.

இழுத்தான். வரவில்லை. தோள்வரை அவனுடையது. மணிக்கட்டுக்குக் கீழே அவன் சொல் கேட்கவில்லை. விரல்கள் முடியைக் கொத்தாகப் பற்றி இன்னும் கீழே அமுக்கின. இராஜாங்கத்தின் கைகள் சுவரைப் பிறாண்டின. நகம் பெயர்ந்தது. சேற்றில் சிவப்பு.

"விடு. விடுடா." தன் கையிடம்தான் கெஞ்சினான்.

இடது கையால் ஸ்பேனரை ஓங்கினான். சுண்டுவிரல் முறிந்தது. விடவில்லை. மோதிர விரல். எலும்பு வெளியே வந்தது. விடவில்லை.

வெளியே தவில் அடித்தார்கள். அண்ணன் வாழ்க என்றார்கள். கேரவன் கதவை அம்சம் சிரித்துக்கொண்டே திறந்தாள்.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். சாமிதுரை அவர்களைப் பார்த்து அழுதபடியே நடுவிரலில் ஓங்கி அடித்தான். அடுத்ததில் அடித்தான். கட்டைவிரலிலும் அடித்தான். ஐந்தும் நொறுங்கித் தோலில் தொங்கின. அந்தக் கை, நிதானமாக, இன்னும் ஒரு சாண் கீழே அமுக்கியது.