ஏழு மணி இரங்கல் அறிவிப்பு

தான் விற்கும் மரவள்ளிக்கிழங்கு அட்டியேகேயை இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டே மசான்ஜே சொன்னாள்: "நேத்து டெய்லர் எக்ராவோட சாவு அறிவிப்ப நீ வாசிச்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சுடி, அமெனான்."

"நான் எங்கக்கா வாசிச்சேன்? டீசல் இல்லாம மூணு நாளா ஸ்டேஷனே பூட்டிக் கிடக்கு. எக்ராவ இப்பத்தான் பார்த்துட்டு வரேன். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து மெஷின் மிதிச்சிட்டு இருக்காரு."

"அப்ப என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அமெனான் சிரித்து வைத்தாள். புவாக்கே நகரம் கிளர்ச்சிக்காரர்கள் கைக்கு வந்ததிலிருந்து, அவர்கள் நடத்தும் திருட்டு டிவியில் தினமும் மாலை ஏழு மணிக்கு இரங்கல் அறிவிப்பு வாசிப்பவள் அவள்தான். தளபதிகளின் வீரப் பேச்சை ஒரு நாயும் பார்க்காது. சாவு அறிவிப்பை மட்டும் ஊரே பார்க்கும். டிவியில் பெயர் வந்துவிட்டால் சொந்தபந்தம் மூட்டை கட்டிவிடும், வாசலில் பந்தல் ஏறிவிடும், அப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியாது.

நாடு பிடிக்கப் புறப்பட்டவர்களுக்கு டீசல் பிடிக்கத் துப்பில்லை. அதைத் தேடித்தான் அவள் கணவன் நவிகே, நிலையத்தின் ஜெனரேட்டர்காரன், போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி லாரியில் போயிருந்தான். நாலு நாளாக ஒரு தகவலும் இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் எக்ரா செத்துப்போனார். காய்ச்சல் இல்லை, குண்டு இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று அமெனான் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்மா. நேத்தே நீங்க வாசிச்சதால சொந்தக்காரங்க எல்லாம் முன்னாடியே வந்து சேர்ந்துட்டாங்க. இன்னிக்குக் காலையில எங்கம்மா அத்தனை பேரையும் பார்த்துட்டுத்தான் கண்ண மூடினாங்க."

அமெனான் கையை உருவிக்கொண்டு நடந்தாள். இன்றைக்கு நவிகேயின் பெயர் வந்தால்? தன் முகத்தோடு வாசிப்பவள் எவளாக இருந்தாலும் அந்த நாற்காலியில்தானே உட்கார வேண்டும்? தான் போய் உட்கார்ந்துகொண்டால் அவளுக்கு இடமிருக்காது. பயந்தவள் புத்திக்கு அது பெரிய வழியாகத் தெரிந்தது.

ஆறரைக்கு டிவி நிலையத்தின் பூட்டைத் திறந்தாள். நாலு நாள் அடைபட்ட புழுக்கமும், ஜன்னல்களை மறைத்த கம்பளிகளின் ஈர வாடையும், எங்கோ ஒரு பல்லி விட்டு விட்டுக் கத்துவதும், கேமரா முக்காலியின் நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்பதும் அவளைத் திரும்பிப் போ என்றன. ஜெனரேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல்லி நின்றுபோனது.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில், மேசையில் தாள்கள். சற்று முன்பு இல்லாதவை. மேல் தாளில் கணவன் பெயர்.

படிக்கக் கூடாது. கண்ணை மூடு. மூடினாள். கைகள் தாமாக இறங்கின. வாய் திறந்தது.

"கண்ணீருடன் அறிவிக்கிறோம்..."

அவள் குரல்தான். தினமும் ஊரையே அழவைக்கும் அதே நிதானம். நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. குரல் பிசிறவில்லை.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. செருப்புச் சத்தம். கதவு திறந்து லாரி விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. கண்ணைத் திறந்தாள்.

நவிகே! கையில் டீசல் கேன், முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் சிரிப்பு. உயிரோடு வந்துவிட்டான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். கால் அசையவில்லை.

"டீசலே இல்லாம எப்படி ஓட்டுறீங்க? இந்த இருட்டுல யாருக்குடி வாசிக்கிற?"

அவள் வாய் அவன் பெயரைத் தெளிவாகச் சொன்னது. தகப்பன் பெயர். ஊர்ப் பெயர்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. கேனைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலை குனிந்து கேட்கத் தொடங்கினான். அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.